பத்து நிமிடம் கழித்து முயலவும்

மாலையைச் சரிசெய்வதுபோலக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து, தமிழ்ச்செல்வி அப்பாவின் இடது கையைப் பார்த்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். தோளிலிருந்து நான்கு விரல் கீழே துணி லேசாகப் புடைத்திருந்தது. சர்க்கரை பார்க்கும் வில்லை அங்கேதான் இருந்தது.

மணி பதினொன்றேகால்.

"பொட்டி மேல சாயாத தமிழு," என்றாள் வேண்டா அத்தை. "வாடகப் பொட்டி. கண்ணாடி வுட்டுகிச்சின்னா அதுக்குத் தனியா அழுவணும்."

அப்பாவின் அக்கா அவள். ஐந்தாவது பெண்ணாகப் பிறந்ததால் அந்தப் பெயர். இன்று இந்த வீட்டில் அவளைக் கேட்காமல் ஒன்றும் நடக்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டீ இன்னும் வரலியா? மொனக் கடைய மூணு நாளா மூடிகினு எங்கதான் போனானோ. டீக்குக்கூட மாபலிபுரம் ஓட வேண்டிகீது."

தெருவில் பந்தல் போட்டாகிவிட்டது. பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஒரு கூட்டம் வந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மா முதலிலிருந்து சொன்னாள்.

"ஊசி போட்டுகினு கட்டல்ல சாஞ்சாரு. இட்லி ஊத்தலாம்னு பாத்தா கேஸ் தீந்துபோச்சி. மோகன் வந்து மாத்தறதுக்குள்ள எட்டாயிடுச்சி. வேர்த்து வேர்த்து ஊத்துது. ஃபேன வேகமா வையின்னாரு. எட்டரைக்கு இட்லி எட்தாந்தா கண்ணு நெலகுத்திப் போச்சி."

வேர்த்தது என்று சொன்னதும் டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாரடைப்புக்கும் வேர்க்கும். சர்க்கரை இறங்கினாலும் வேர்க்கும். தமிழ்ச்செல்வி அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வில்லையை அவள்தான் ஒட்டினாள். அடியில் மயிரிழைபோல ஒன்று தோலுக்குள் இருக்கும். சர்க்கரை எவ்வளவு என்று அது அப்பாவின் போனுக்குச் சொல்லும். அப்பாவின் போன் நாவலூரில் இருக்கும் அவள் போனுக்குச் சொல்லும். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு அம்மாவின் பட்டன் போனில் கூப்பிட்டு, இன்சுலின் எத்தனை யூனிட் என்று சொல்வாள். ஆறு மாதமாக இப்படித்தான் நடந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. காலை ஆறிலிருந்து ஏழுக்குள் தகவல் வராது. தினமும் அந்த நேரத்துக்கு வரைபடத்தில் கோடு அறுந்து கிடக்கும். செயலியை மூன்று முறை அழித்து ஏற்றினாள். வாடிக்கையாளர் சேவையில் நாற்பது நிமிடம் காத்திருந்து சண்டை போட்டாள். ஒரு கம்பெனியின் கோப்புகள் இன்னொரு கம்பெனிக்குக் குறையில்லாமல் போய்ச்சேர்ந்தனவா என்று பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டில் ஒரு மணி நேரம் தினமும் காணாமல் போனது.

"டவர் இல்லம்மா," என்பார் அப்பா.

"ப்ளூடூத்துக்கு எதுக்குப்பா டவரு?"

"அது எனக்கு இன்னா தெரியும்?"

இன்று காலையும் அப்படித்தான். ஆறு நாற்பதுக்கு அம்மாவின் போனில் கூப்பிட்டாள். ஆபீஸ் போகும் வண்டி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நம்பர் வரலப்பா. உன் போன் எங்க?"

"இங்கதான் கீது."

"தெனமும் இதே பேஜாரு. சரி, நேத்து போட்டதையே போடு. பதினாறு."

"சரிம்மா."

அவ்வளவுதான் பேசியது.

ஒன்பது மணிக்குத் தம்பி மோகன் அழுதுகொண்டே கூப்பிட்டான். டாக்ஸி கேளம்பாக்கம் தாண்டும்போது அவள் போன் அலறியது. காலையிலிருந்து வராத எண் அப்போதுதான் வந்திருந்தது. ஐம்பத்தெட்டு. குறைவு. உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளவும். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் அலறலை நிறுத்தினாள். ஐந்து நிமிடத்தில் அது மறுபடி அலறியது. ஐம்பத்திரண்டு. உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளவும்.

உயிர் போன பிறகு எண் எப்படியும் இறங்கும். அதைப் பற்றி வண்டியிலேயே தேடிப் படித்துவிட்டாள். அதற்கு முன்பே இறங்கிவிட்டதா என்பதுதான் தெரியவில்லை. ஆறு நாற்பதுக்கு என்ன இருந்தது? எட்டரைக்கு என்ன இருந்தது? அது வில்லைக்குள் இருக்கிறது. தானாக வெளியே வராது. அப்பாவின் போனைக் கொண்டுபோய் அதன் மேல் ஒட்டிக் காட்டினால்தான் வரும். வேறு எந்தப் போனோடும் அது பேசாது. கடைசி எட்டு மணி நேரத்தை மட்டும் வைத்திருக்கும். நேரம் போகப் போகப் பழையது அழிந்துகொண்டே வரும். இரண்டு நாற்பதுக்கு முன்னால் காட்டினால் எல்லாம் தெரியும். நாலரைக்கு மேல் ஒன்றும் இருக்காது.

அப்பாவின் போனை வீடு முழுக்கத் தேடினாள். இல்லை. மோகனைக் கூப்பிட்டாள்.

"எங்கடா கீற?"

"திருக்கயுக்குன்றத்துல. ஃப்ளெக்ஸ் கடையில."

"அப்பா போனு?"

"எங்கிட்டதான் கீது. போட்டோ இதுலதான கீது. சதுரங்கப்பட்டினம் கோட்டையில எடுத்தது."

"வாட்ஸப்புல அனுப்பியிருக்கலாம்ல?"

"அனுப்னேன்க்கா. புள்ளி புள்ளியா வருதாம். பத்துக்கு ஆறு பேனரு. போன எட்தாந்து ஒயர்ல மாட்டுனாதான் மூஞ்சி தெளிவா வரும்னான். மாட்டுனா வரமாட்டுது."

"இன்னா வரமாட்டுது?"

"சார்ஜ் மட்டும் ஏறுது."

"ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு கேக்கும். அத அமுக்கு."

"கேக்கவே இல்ல."

"அப்ப ஒயர மாத்து. எல்லா ஒயர்லயும் டேட்டா போவாது."

"இங்க கீறதே ஒரு ஒயருதான். எல்லாம் சி பின்னு. உன்னோட பழைய போனக் குடுத்து வெச்சிகீற, இதுக்கு யாருகிட்ட ஒயரு கீது?"

"வுட்டுட்டு வாடா. ஏதோ ஒரு போட்டோ போடு."



"மொத மொதல்ல அப்பாவுக்கு பேனர் வெக்கிறேன்க்கா. ஏதோ ஒரு போட்டோன்ற?"

"போனு வேணும் மோகன். உடனே."

"இன்னாத்துக்கு?"

"வா," என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டபோது ஒயர் வாங்க ஆள் போயிருந்தான். ஒரு மணிக்கு ஒயர் வந்து போட்டோ ஏறியிருந்தது. ஒன்றரைக்கு அங்கே கரண்ட் போயிருந்தது. ஒன்றேமுக்காலுக்கு அவன் எடுக்கவில்லை.

பெட்டிக்குள் வெப்பமானியில் நான்கு என்று சிவப்பாக எரிந்தது. கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்து அப்பாவின் முகம் மங்கியது. அத்தை வெளிப்பக்கம் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"உள்ள வேர்க்குது," என்றாள் யாரோ ஒருத்தி.

அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இரண்டு ஐந்துக்கு மோகனின் வண்டிச் சத்தம் கேட்டது. பேனர் சுருளை அவன் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தான். தமிழ்ச்செல்வி அவன் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். திரை இருட்டாக இருந்தது.

"வர்ற வழியெல்லாம் போன் பண்ணிகினே வந்தேன். ஒரு நாப்பது பேருக்குச் சொல்லிட்டேன். மதுராந்தகத்தாண்ட ஆளுங்கல்லாம் இதுலதான கீறாங்க. ஆஃப் ஆயிடுச்சி."

"ஒயரு?"

"கடக்காரன்து. அங்கியே வுட்டுட்டேன்."

அவனை அடிக்கக் கை எழுந்தது. அவன் பேனரைப் பிரித்துக் காட்டினான். கோட்டைச் சுவரில் சாய்ந்து அப்பா சிரித்தார். பல் இடுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"எப்டிகீது?" என்றான்.

"நல்லாகீது."

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்க் கேட்டாள். பழைய சின்ன பின் சார்ஜர் யாரிடமாவது இருக்கிறதா? ஒருவர் தன் சார்ஜரை நீட்டினார். சி பின். இன்னொருவர் பவர் பேங்கோடு வந்தார். அதுவும் சி பின். கல்பாக்கத்தில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து நின்று, ஐரோப்பாவில் எல்லாவற்றுக்கும் ஒரே பின் என்று சட்டம் வந்துவிட்டது என்றார்.

அப்பாவின் சார்ஜர் எங்கே இருக்கும் என்று அம்மாவின் காதருகே போய்க் கேட்டாள்.

"பீரோல," என்றாள் அம்மா.

"பீரோலயா?"

அம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். அதை வேண்டா அத்தை பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

பீரோ கதவு கிறீச்சிட்டபோது அழுகை நின்றது.

"பொணம் இன்னும் வாசல் தாண்டல," என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். "அதுக்குள்ள பீரோவத் தொறக்கணும். பத்தரம் எங்கியும் பறந்து பூடாது. நாங்க ஒண்ணும் கேக்க வரல."

"சார்ஜர் எடுக்கறேன் அத்த."

"எட்துக்கம்மா. ஒங்கூட்டு பீரோ. எல்லாத்தையும் எட்துக்க."

நடுத்தட்டில் அப்பாவின் துண்டு ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. துண்டின் நடுவில் போன் அளவுக்கு ஒரு பள்ளம். பக்கத்தில் சார்ஜர் ஒயர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தமிழ்ச்செல்வி பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரும்பு பீரோ. கதவைச் சாத்தினால் எந்தச் சிக்னலும் உள்ளே போகாது, வெளியே வராது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

சமையலறையில் மிக்ஸியைக் கழற்றிவிட்டு சார்ஜரைச் செருகினாள். பழைய பேட்டரி. காலியான படம் வந்து வந்து போனது. வாசலில் பறை கேட்டது. அம்மாவின் தம்பி ரவிச்சந்திரன் மாமா பிறந்த வீட்டுக் கோடியோடு வந்துவிட்டார். இனி பெட்டியைத் திறப்பார்கள். இரண்டு இருபத்தைந்து. போன் ஒரு சதவீதம் என்றது. விசையை அமுக்கினாள். எழுந்தது. அணைந்தது.

"தமிழு, எண்ண வெக்க வா," என்று அத்தையின் குரல் வந்தது. "பொண்ணுதான் மொதல்ல வெக்கணும்."

மூன்று சதவீதத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பந்தலில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். சட்டையைக் கழற்றியாகிவிட்டது. வெயிலில் அவர் மேல் ஈரம் பூத்தது. கிண்ணத்தில் எண்ணெயும் சீயக்காயும் இருந்தன. அவள் வலது கையால் எண்ணெய் தொட்டு உச்சியில் வைத்தாள். இடது கையால், முந்தானைக்கு அடியிலிருந்து, போனை அவர் புஜத்தில் ஒட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினாள். போன் அதிர்ந்தது.

முந்தானைக்குள் குனிந்து பார்த்தாள். சென்சார் மிகவும் குளிர்ந்திருக்கிறது. வெப்பமான இடத்துக்குச் சென்று, பத்து நிமிடம் கழித்து முயலவும்.

"மூணு தடவ வையி," என்றாள் அத்தை.

மறுபடி எண்ணெய் வைத்தாள். மறுபடி ஒட்டினாள். மிகவும் குளிர்ந்திருக்கிறது. வெப்பமான இடத்துக்குச் சென்று. சீயக்காய் வைத்தாள். ஒட்டினாள். அதே வரி.

"நவுரும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் நகரவில்லை. வில்லையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அப்பாவின் கை கல்போலக் குளிர்ந்திருந்தது. அவள் கையிலிருந்த சூடுதான் குறைந்தது.

"அது இன்னாது கையில?" என்றாள் அத்தை.

"சக்கர பாக்கற மிஷினு," என்றார் ரவிச்சந்திரன் மாமா.

"அதுக்குள்ள பேட்ரி கீதா?" சுடுகாட்டு வேலைக்கு வந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "அப்ப எட்துருங்க. போன மாசம் ஒண்ணு நெஞ்சிலயே வெடிச்சிச்சி. நெருப்பு மூஞ்சிக்கு வந்துது எனக்கு."

"பிச்சிடு தமிழு," என்றாள் அத்தை. "வந்த மாதிரி போவட்டும். பிளாஸ்டிக்கு இன்னாத்துக்கு?"

விளிம்பில் நகம் கொடுத்து உரித்தாள். அது மயிரோடு வந்தது. அப்பாவுக்கு வலிக்கும் என்று நிறுத்தி, பிறகு இழுத்தாள். ரத்தம் இல்லை. தோலில் வெளுத்த வட்டம் ஒன்று தங்கியது. கழற்றினாலும் உள்ளே இருக்கும் கணக்கு இருக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

இரண்டு நாற்பது அங்கேயே போயிற்று. அதன் பிறகு வாய்க்கரிசி, பிறகு கோடி. எல்லாவற்றையும் ஒரு கையால்தான் செய்தாள். இன்னொரு கையையும் கொடு என்று அத்தை இரண்டு முறை அதட்டினாள். அம்மாவுக்குப் பூ வைத்துப் பொட்டு வைத்து அழைத்துவந்து நிறுத்தியபோது, பெண்கள் ஒரே குரலாக அழுதார்கள். தமிழ்ச்செல்விக்கு அழுகை வரவில்லை. மணி பார்த்தாள்.

மூன்றேமுக்காலுக்குத் தூக்கினார்கள். மோகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனைவரை போய் நின்றார்கள். மூன்று நாளாகப் பூட்டியிருந்த முனை டீக்கடையின் ஷட்டரில் அப்பாவின் பேனரைக் கட்டியிருந்தார்கள். பறை தென்னந்தோப்புப் பக்கம் திரும்பித் தேய்ந்தது.

பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள வீட்டின் பின்பக்கம் கூடினார்கள். தமிழ்ச்செல்வி சமையலறையில் பாதி ஏறியிருந்த போனை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தாள். வெயில் இன்னும் கல்லில் இருந்தது. மூடிய கைக்குள்ளிருந்தே ஒட்டிப் பார்த்தாள். சென்சார் தயாராகிறது. பத்து நிமிடம் கழித்து முயலவும். குளிர் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் போனைக் கல்லில் வைத்தாள். மணி நான்கு ஐந்து.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை நிறையப் பூ இருந்தது. இருவரும் அத்தை தண்ணீர் மொள்ளுவதைப் பார்த்தார்கள். குழாயடியில் மாமல்லபுரத்துக் கடையின் பெயர் எழுதிய டீ கேன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

தமிழ்ச்செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு நிமிஷம்."

அம்மா தலையாட்டினாள். தன் கால்விரல் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"காலையில டீ குடிக்கப் போவாரு தெனமும். நீ எகிறுவன்னு போன பீரோல வெச்சிட்டுப் போவாரு. வந்து எட்துக்குவாரு. ஒங்கிட்ட சொல்லாதன்னுவாரு."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"இன்னிக்கி?"

வரிசையில் ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டு போனாள்.

"இன்னிக்கும்தான். மொனக் கடையில. சக்கர தூக்கலா போட்டு ஒரு டீ. ரெண்டு போண்டா. நல்லா தின்னுட்டுதான் வந்தாரு. போன மட்டும் எடுக்க மறந்துட்டாரு. அப்பறம்தான் ஊசி போட்டாரு."

தமிழ்ச்செல்வி டீ கேனைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை.

"சரிம்மா," என்றாள்.

"வயிறு ரொம்பிதான் இருந்திச்சி."

"சரிம்மா."

கல்லில் போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே ஓரத்துக்கு நகர்ந்தது. அம்மா அதைப் பிடித்து, விழாமல் உள்ளே தள்ளி வைத்தாள். பட்டன் போன் மட்டும் தெரிந்தவள். அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள்.

"லோகா, உக்காந்துகினா ஆச்சா? வூடு கழுவணும். தமிழு, நீ வா மொதல்ல," என்றாள் அத்தை, அம்மாவையும் அவளையும் பார்த்து.

தமிழ்ச்செல்வி எழுந்து போய்க் குனிந்தாள். அத்தை சொம்பை உயர்த்தினாள்.

"கையத் தொறடி. ரெண்டு கையாலயும் மூஞ்சியத் தேய்ச்சிக் கழுவு."

அவள் ஒரு கையால் கழுவினாள். இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. தண்ணீர் தோளில் இறங்கி, முழங்கை வழியாக, வில்லையை மூடியிருந்த விரல்களின் மேல் ஓடியது. போர் தண்ணீர். இந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது.